செட் ஆகலையா... எது மச்சி?

*ஒத்தை வார்த்தை - வாரா வாரம் ஒரு குட்டி இங்கிலீஷ் வார்த்தை, நம்ம ஊர் கணக்குல!*



போன பொங்கல் லீவுக்கு சென்னையில இருந்து என் கிளாஸ்மேட் ஒருத்தன் எங்க ஊருக்கு வந்திருந்தான். ஊர் சேந்தமங்கலம். நாமக்கல்லில் இருந்து கொல்லிமலை பஸ்ல ஏறினா, மலை கண்ணுக்குப் பெருசாத் தெரிய ஆரம்பிக்கிற இடத்துல எங்க ஊர் வரும். பையன் ரொம்ப மரியாதை தெரிஞ்சவன். செருப்பைக் கழட்டும்போதே, ‘‘அப்பா எங்கம்மா?’’ன்னு கேட்டான்.

‘‘அவரு செட்டுல இருக்காருப்பா. சாயங்காலம் வந்துருவாரு’’ - இது எங்கம்மா.

பையன் முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு! என்னைத் தனியா தள்ளிட்டுப் போய், ‘‘டேய், உங்கப்பா சினிமாவுல இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே... எந்த ஹீரோ படம்?’’ன்னு கேட்டானே பார்க்கலாம்!

நாமக்கல் மாவட்டத்து மக்கள் இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. எங்க பக்கம் செட்டுன்னா கோழிப்பண்ணை செட்டு. இங்கிலீஷ்ல அது ‘ஷெட்’. எங்க வாய்க்குள்ள புகுந்து வெளிய வர்றப்போ ‘செட்டு’. எங்கப்பா கொத்தனார். அன்னிக்கு ஒரு பண்ணையில புது செட்டுக்குத் தரை போட்டுக்கிட்டு இருந்தார். அந்த செட்டுல ஹீரோவும் இல்ல, ஹீரோயினும் இல்ல. கொஞ்ச நாள்ல வந்து முட்டை போடப் போற கோழிங்கதான் ஸ்டார்ஸ்!

சாயங்காலம் அப்பா தலை முதல் கால் வரை சிமென்ட் மேக்கப்போட வந்து நின்னப்போதான் நண்பனுக்கு விஷயம் புரிஞ்சுது. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இந்த ‘செட்’டுங்கிற வார்த்தையால நாங்க ஒரு நண்பனையே இழந்திருக்கோம். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல வார்த்தையைப் பார்த்துருவோம்.

ஊருக்குள்ள எத்தனை செட்டு?

சும்மா விரலை விட்டு எண்ணிப் பாருங்க. சாயங்காலமானா சேலம், நாமக்கல் பக்கம் தள்ளுவண்டி முன்னாடி கூட்டம் கூடும். ‘‘அண்ணா, ஒரு செட்டு!’’ அப்படின்னா தட்டுவடை செட். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், அது மேல சட்னி. வாயில போட்டா ‘கரக்’! அதே வார்த்தையைச் சென்னை ஹோட்டல்ல போய்ச் சொன்னா, வடகறியோட செட் தோசை வந்து நிக்கும்.

கோயில் நோம்பி வந்தா மைக் செட். தோட்டத்துல பம்ப் செட். நகைக்கடையில கம்மல், நெக்லஸ் செட். கிளப்புல கேரம் செட். டி.வி-க்குப் பக்கத்துல செட்-டாப் பாக்ஸ். பேட்மின்டன்ல ‘ஒரு செட் போடலாமா மாப்ள?’ எம்.ஏ. முடிச்ச அக்கா, லெக்சரர் ஆகறதுக்காக எழுதுற ‘செட்’ தேர்வு. ‘அவனும் நானும் ஒரே செட்டு’ன்னா ஒண்ணாப் படிச்சவங்க. ‘கெட்ட பசங்களோட செட்டு சேர்ந்துட்டான்’னா வீட்டுல பெல்ட்டு ரெடி!

கோழிக் குஞ்சு பொரிக்கிற ஹேட்சரிக்குப் போனா அங்கயும் செட்டு உண்டு. முட்டையை முதல்ல அடுக்கி வைக்கிற மெஷினுக்குப் பேரு செட்டர். 18 நாள் அதுக்குள்ள. அப்புறம் 3 நாள் ஹேட்சர்ங்கிற இன்னொரு மெஷின். 21-வது நாள்தான் ‘கீச் கீச்’. அவசரப்பட்டு 10-வது நாள் திறந்தா குஞ்சும் இல்லை, ஆம்லெட்டும் இல்லை.

எல்லாத்துக்கும் மேல நம்ம தேசிய வசனம் ஒண்ணு இருக்கு: ‘‘எனக்கு அது செட் ஆகலை மச்சி!’’

டிக்‌ஷனரியே தெணறிடுச்சு!

நமக்குத்தான் இந்தக் குழப்பம்னு நினைக்காதீங்க. இங்கிலீஷ்காரங்களுக்கும் இதே கதிதான். 1989-ல ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்‌ஷனரியோட ரெண்டாம் பதிப்பு வந்துச்சு. மொத்தம் 20 வால்யூம். அதுல ரொம்ப நீளமான இடத்தைப் பிடிச்ச வார்த்தை எது தெரியுமா? நம்ம மூணு எழுத்து ‘செட்’தான்! வினைச்சொல்லா மட்டும் 430 அர்த்தம். விளக்கத்துக்கு செலவான வார்த்தைகள் சுமார் 60,000. ஒரு முழு நாவலே எழுதிரலாம் பாஸ்!

அப்புறம் டிக்‌ஷனரியைத் திருத்த ஆரம்பிச்சாங்க. 2000-ல ‘மேக்’ முந்துச்சு, 2007-ல ‘புட்’ முந்துச்சு, 2011-ல ‘ரன்’ எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டு ஓடுச்சு. ‘ரன்’னுக்கு வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம்! பேருக்கு ஏத்த மாதிரியே ஓடிருச்சு பாருங்க.

கவனிச்சீங்களா... எல்லாமே பொடி வார்த்தைங்க. பெரிய பெரிய வார்த்தைக்கெல்லாம் ஒரு அர்த்தம், மிஞ்சிப்போனா ரெண்டு. தினமும் வீட்டுலயும் கடையிலயும் புழங்குற குட்டி வார்த்தைங்கதான் போற இடமெல்லாம் ஒரு புது அர்த்தத்தை ஒட்டிக்கிட்டு வரும்.

இன்னொரு ரகசியம். ‘செட்’ உண்மையில ரெண்டு வார்த்தை! ஒண்ணு பழைய இங்கிலீஷ். ‘சிட்’டுன்னா உட்கார். ‘செட்’டுன்னா உட்கார வை. நாம ‘இரு’ - ‘இருத்து’, ‘உருள்’ - ‘உருட்டு’ன்னு சொல்றோம் இல்லையா, அதே டெக்னிக். இன்னொண்ணு லத்தீன்ல இருந்து ஃபிரெஞ்சு வழியா வந்தது. அதுக்கு ஒருத்தர் பின்னாடி போற கூட்டம்னு அர்த்தம். ‘எங்க செட்டு’ங்கிறது இந்தப் பரம்பரை. ரெண்டு ஓடையும் எங்கேயோ ஒண்ணாக் கலந்து இப்ப ஒரே ஆறு.

நம்ம மொழி மட்டும் என்ன சும்மாவா? ‘கட்டு’ங்கிற ஒத்தை வார்த்தையை எடுங்க. வீடு கட்டலாம், சேலை கட்டலாம், தாலி கட்டலாம், ஃபீஸ் கட்டலாம், கீரைக் கட்டு வாங்கலாம், கை ஒடிஞ்சா புத்தூருக்குப் போய்க் கட்டு போடலாம். ஒரு வெள்ளைக்காரர் தமிழ் கத்துக்க வந்தா, நிச்சயம் கையைக் கட்டிக்கிட்டு நிப்பார்!

ஒரே நாள்ல அஞ்சு செட்

இப்ப ஃப்ளாஷ்பேக். நானும் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்தான். சிவில் இன்ஜினீயரிங் கிடைச்சு ஹாஸ்டல்ல பெட்டியை இறக்கின மறுநாள்...

மேத்ஸ் கிளாஸ். ‘கன்சிடர் எ செட்’னு ஆரம்பிச்சாங்க. எதைக் கன்சிடர் பண்றது? ஸ்கூல்ல எங்களுக்கு அது ‘கணம்’. கணங்களும் சார்புகளும்னு பக்கம் பக்கமாப் போட்டுத் தாளிச்சிருக்கோம். சேர்ப்பு, வெட்டு, வென்படம்... தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா ‘செட்’டும் ‘கண’மும் ஒண்ணுதான்னு எனக்கு யாரும் சொல்லலை. (இந்தக் கணத்துக்கும் அர்த்தம் ஒண்ணு இல்ல. நொடிப் பொழுதும் கணம், பூதக் கூட்டமும் கணம்!)

அடுத்தது டிராயிங் கிளாஸ். ‘டேக் யுவர் செட் ஸ்கொயர்’. ஸ்கொயர்னா சதுரம்தானே? கையில இருந்ததோ முக்கோணம். நானும் பாக்ஸை ரெண்டு தடவை கவுத்துத் தேடினேன். மூணாவது எலக்ட்ரானிக்ஸ். எஸ்.ஆர். ஃபிளிப்-ஃபிளாப். எஸ்-னா செட், ஆர்-னா ரீசெட். செட்டுக்கு சிக்னல் கொடுத்தா அவுட்புட் 1, ரீசெட்டுக்குக் கொடுத்தா 0. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல கொடுத்தா? ‘கூடாத நிலை’. என் நிலையும் அப்போ அதுதான். மதியம் ஒர்க்‌ஷாப்ல டூல் செட். கடைசியா சீனியர் ஒருத்தர் வந்து, ‘‘உங்க செட்டுல எத்தனை பேருடா?’’ன்னு கேட்டார்.

அன்னிக்கு ராத்திரி போன்ல டிக்‌ஷனரியைத் திறந்து ‘செட்’டுன்னு போட்டேன். விரல் வலிக்கிற வரைக்கும் தள்ளினேன், லிஸ்ட் முடியலை. போனை மூடி வெச்சிட்டுப் படுத்தேன். ‘நமக்கு இது சரிப்படாது’ன்னு முதல் தடவையா தோணுச்சு.

ஊறுகாய் பாட்டில்

எங்க ரூம்ல இன்னொருத்தன் இருந்தான். கொல்லிமலைக்காரன். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் படிக்க வந்தவன். பேர் வேண்டாம், நண்பன்னு வெச்சுக்கலாம். மலையில அரசுப் பள்ளியில படிச்சு, 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் வாங்கினவன். அரசுப் பள்ளிப் பசங்களுக்கு இன்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்புகள்ல அந்த ஒதுக்கீடு கிடைக்க 2021-ல சட்டம் வந்தது. டியூஷன், ஹாஸ்டல் செலவை அரசாங்கமே ஏத்துக்குது. ஆக, ஃபீஸ் பிரச்னை கிடையாது. மார்க்கும் என்னைவிட அதிகம்.

மூணாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பிடாம உட்கார்ந்திருந்தான். ‘‘என்ன மாப்ள?’’ன்னு கேட்டோம்.

‘‘செட் ஆகலைடா’’ன்னான். அவ்வளவுதான்.

நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? மெஸ் சாப்பாடு செட் ஆகலைன்னு நாங்களே முடிவு பண்ணி, ஆளுக்குப் பத்து ரூபா போட்டு ஒரு ஊறுகாய் பாட்டில் வாங்கிக் கொடுத்தோம். அவனும் சிரிச்சுக்கிட்டே வாங்கி வெச்சுக்கிட்டான். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனவன் திரும்ப வரவே இல்லை. பாட்டில் மூடி திறக்காம அலமாரியிலயே இருந்துச்சு.

‘எத்தனை நாளாச்சு?’

அவன் போனதும் எனக்கும் ஆட்டம் கண்டுருச்சு. அப்பாவுக்குப் போன் போட்டு, ‘‘எனக்கும் இங்க செட் ஆகலைப்பா, வந்துடறேன்’’னு சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கலவை மெஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், ‘‘எத்தனை நாளாச்சு கண்ணு?’’ன்னார்.

‘‘இருவது நாள்ப்பா.’’

‘‘தளம் போட்டு மறுநாளே கல்லாட்டந்தான் இருக்கும். அதுக்காக முட்டைப் பிரிச்சுட்டு மேல ஏறி நிப்பமா? செட்டு ஆவறது வேற, பலம் வர்றது வேற. தண்ணி கட்டோணும், பொறுக்கோணும். ஆமா, எது உனக்கு செட் ஆகலை? சாப்பாடா, படிப்பா, பசங்களா?’’

அந்தக் கடைசிக் கேள்விதான் ஃப்ரெண்ட்ஸ் மேட்டர். அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்கலை. நானும் என்னைக் கேட்டுக்கலை. யோசிச்சுப் பார்த்தா சாப்பாடு ஓகே. பசங்க ஓகே. இங்கிலீஷ்ல பாடம் நடத்துறதுதான் புரியலை. அதுலயும் எல்லாம் இல்ல, பாதி வார்த்தைதான். ‘செட் ஆகலை’ங்கிற பூதம், பாதி வார்த்தையாச் சுருங்கிருச்சு! மறுநாளே ஒரு நோட்டு வாங்கி, இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் தமிழ்னு எழுத ஆரம்பிச்சேன். முதல் வரி: செட் = கணம்.

ஊசி சொன்ன பாடம்

அப்பா சொன்னதை ரெண்டாவது வருஷம் லேப்ல கண்ணால பார்த்தேன். சிமென்ட் எப்போ ‘செட்’ ஆகுதுன்னு பார்க்க ஒரு கருவி இருக்கு. லூயி விகாட்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினீயர் பேர்ல வழங்குது. 40 மில்லிமீட்டர் உயர அச்சுல சிமென்ட் குழம்பை நிரப்பி, மேல இருந்து ஒரு ஊசியை இறக்கணும். ஊசி அடிவரைக்கும் போகாம, அடியில இருந்து 5 மில்லிமீட்டர் கிட்ட நின்னா ‘முதல் செட்’. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு இது தண்ணி ஊத்தினதுல இருந்து 30 நிமிஷத்துக்கு முன்னாடி நடக்கக் கூடாது. ‘கடைசி செட்’ 600 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 10 மணி நேரத்துல விஷயம் முடிஞ்சுது.

ஆனா பலம்? அதுக்கு 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள்னு தனித்தனியா டெஸ்ட். குறைஞ்சது ஒரு வாரம் தண்ணி காட்டணும். தளத்து மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தி வெச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்களே, அதுக்குத்தான்.

இன்னொரு சுவாரஸ்யம். தண்ணி பட்டதும் ‘டக்’குன்னு இறுகிட்டா நல்ல சிமென்ட்டுன்னு நினைப்போம். தப்பு! அதுக்குப் பேரு ‘ஃப்ளாஷ் செட்’, பெரிய குறை. அது நடக்கக் கூடாதுன்னுதான் ஜிப்சத்தைக் கலந்து வேகத்தைக் குறைக்கிறாங்க. இன்னொண்ணு ‘ஃபால்ஸ் செட்’. சில நிமிஷத்துலயே இறுகின மாதிரி தெரியும். அவ்வளவுதான், கலவை வீணாப்போச்சுன்னு தோணும். ஆனா ஒரு சொட்டுத் தண்ணிகூட சேர்க்காம திரும்ப ஒரு தடவை நல்லாக் கலக்கினா பழையபடி இளகிரும்!

வைவாவுல ‘செட்டிங்’னா என்னன்னு கேட்டாங்க. சின்ன வயசுல அப்பாவோட வேலைக்குப் போய், ஈரத் தளத்தை நகத்தால கீறிப் பார்த்தவன் நான். ‘‘நகத்துல கீறினா கோடு விழாம இருக்கிற பக்குவம் சார்’’னு சொல்லிட்டேன். ஸார் சிரிச்சார். அப்புறம் மார்க்கும் போட்டார். எனக்குத் தெரிஞ்ச விஷயத்துக்குத்தான் இத்தனை நாள் வேற பேர்ல பயந்துக்கிட்டு இருந்திருக்கேன்!

செம்மேட்டுல ஒரு கேள்வி

போன ஆடி 18. கொல்லிமலையில வல்வில் ஓரி விழா. செம்மேட்டுல கூட்டம்னா கூட்டம். ஓரி சிலை பக்கத்துல அவனைப் பார்த்தேன், நம்ம நண்பனை! அப்பாவோட மிளகுத் தோட்டத்துல வேலை செய்யறதா சொன்னான். கட்டிப்பிடிச்சோம், டீ குடிச்சோம். அப்புறம் இத்தனை நாளா கேட்காததைக் கேட்டேன். ‘‘மாப்ள, அன்னிக்கு எது செட் ஆகலை?’’

டம்ளரைச் சுத்திக்கிட்டே சொன்னான். ‘‘பாடம்தான்டா. ஒண்ணுமே புரியலை. உங்களுக்கெல்லாம் புரியுது, எனக்கு மட்டும்தான் புரியலைன்னு நினைச்சேன். கேட்க வெக்கமா இருந்துச்சு.’’

எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. ‘‘டேய், எனக்கும்தான்டா புரியலை!’’

ரெண்டு பேரும் ஒரே ரூம். அடுத்தடுத்த கட்டில். ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்னை. நடுவுல ஒத்தை வார்த்தை குறுக்க நின்னுருச்சு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில ஆரம்பிச்சுதுன்னு அன்னிக்கு அவன்கிட்ட சொன்னேன். ‘‘அப்படியா?’’ன்னான். அதை நானே ரெண்டாவது வருஷம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி ஊறுகாய்க்குப் பதிலா ஒரு கேள்வி கேட்டிருந்தா, யாராவது ஒரு சீனியர் இதைச் சொல்லியிருக்க மாட்டாங்களா?

மறுபடி ஏதாவது படிப்புல சேரலாமான்னு இப்ப யோசிச்சுக்கிட்டு இருக்கான். என் பழைய நோட்டைக் கொரியர்ல அனுப்பி வெச்சிருக்கேன்.

ஸோ, ஃப்ரெண்ட்ஸ்... ஒவ்வொரு வருஷமும் உங்க ஹாஸ்டலுக்கு ஜூனியர்ஸ் வருவாங்க. அதுல ஒருத்தன் சாப்பிடாம மூலையில உட்கார்ந்து, ‘‘செட் ஆகலைண்ணா’’ன்னு சொல்லுவான். ‘எல்லாம் சரியாயிடும்டா’ன்னு முதுகுல தட்டிட்டுப் போயிடாதீங்க. டிக்‌ஷனரியிலயே 430 அர்த்தம் இருக்கிற வார்த்தை அது. அவன் மனசுல எந்த அர்த்தம்னு நமக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க: ‘‘எது செட் ஆகலை? சாப்பாடா, பாடமா, ரூமா, காசா, இல்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?’’ ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

அந்த ஜூனியர் நீங்களா இருந்தா, வார்த்தையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்க பாஸ். ‘மேத்ஸ் கிளாஸ் புரியலை’ன்னு சொன்னா பக்கத்து பெஞ்ச்சே உதவிக்கு வரும். வெறும் ‘செட் ஆகலை’ன்னு சொன்னா ஊறுகாய் பாட்டில்தான் வரும்!

அடுத்த வாரம் 645 அர்த்தம் உள்ள நம்ம ‘ரன்’. ஓடிப் போயிடாதீங்க, பேசலாம்!